யாருக்கு அடக்கம்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அண்ணா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அண்ணாவின் மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். திருமணத் தகவல் நிலையம் ஒன்றிலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் என்பதால், அதை நிரப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெயர், நட்சத்திரம், உயரம், படிப்பு, சம்பளம் எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டன. கடைசியில், 'பெண்ணின் குணநலன்' என்று ஒரு கட்டம். இரண்டு விரற்கடை அகலம்தான் இருக்கும்.

"அடக்கமான பெண்ணுன்னு எழுதிடும்மா. அது போதும்" என்றாள் அண்ணி.

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த பெண்ணின் குரல் கேட்டது. "அத்தை! அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்!"

"கேட்டாயா? இதுதான் அடக்கமா?" என்று அண்ணி என்னைப் பார்த்தாள்.

பெண் வெளியே வந்தாள். ரசாயனத்தில் எம்.எஸ்ஸி. படித்து, ஒரு பள்ளியில் பிளஸ்-டூ வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள். சத்தம் போட்டுப் பேசுகிறவள் அல்ல. அன்றும் நிதானமாகத்தான் பேசினாள்.

"நான் அடக்கமில்லாதவள்னு சொல்லலை, அம்மா. ஆனா, நீங்க ஒண்ணை நினைச்சு எழுதச் சொல்றீங்க. படிக்கிறவங்க வேறே ஒண்ணை நினைச்சுப் படிப்பாங்க. நாளைக்கு எதுக்காவது நான் 'முடியாது'ன்னு சொன்னா, 'அடக்கமான பெண்ணுன்னு எழுதிக் கொடுத்தீங்களே'ன்னு இந்தக் காகிதத்தையே எடுத்து நீட்டுவாங்க."

பேனாவை மூடி வைத்துவிட்டேன். அண்ணிக்குக் கோபம். எனக்கோ வேறு ஒரு சங்கடம்.

'கீழ்க்கண்ட சொற்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக' என்ற கேள்வியை முப்பது வருஷம் நான் வினாத்தாளில் கேட்டிருக்கிறேன். 'அடக்கமான' என்ற சொல் அடிக்கடி வரும். குழந்தைகள் எழுதும் விடையும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும்: 'கமலா அடக்கமான பெண்.' நான் சிவப்பு மையால் 'சரி' போட்டு இரண்டு மதிப்பெண் கொடுத்துவிடுவேன். 'கோபால் அடக்கமான பையன்' என்று எழுதிய குழந்தை ஒன்றுகூட என் ஞாபகத்தில் இல்லை. அதுவும் அப்போது எனக்கு வேடிக்கையாகத் தோன்றவில்லை. இப்போது, அந்த இரண்டு மதிப்பெண்ணும் நியாயமாகக் கொடுத்ததுதானா என்று சந்தேகம் வந்துவிட்டது.

படிவத்தை அப்படியே வைத்துவிட்டு, "அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுதித் தருகிறேன்" என்று சொல்லி வீடு திரும்பினேன். அந்த ஒரு வாரம் இந்த ஒரு சொல்லோடுதான் போயிற்று.

முதலில் சொல் பிறந்த விதத்தைப் பார்க்கலாம். இலக்கணம் என்றவுடன் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அடுக்களையில் புழங்குகிற சமாசாரம்தான் இது. தூங்குவது தூக்கம். மயங்குவது மயக்கம். ஏங்குவது ஏக்கம். கலங்குவது கலக்கம். அதே வழியில், அடங்குவது அடக்கம். தொட்டிலை ஆட்டிக் குழந்தையைத் தூங்க வைக்க நாம் என்னவெல்லாமோ பாடுபடலாம். ஆனாலும் தூக்கம் என்பது குழந்தைக்கு வந்தால்தான் உண்டு. அடக்கமும் அப்படித்தான். அது ஒருவர் தாமே அடங்கியிருப்பது.

இன்னொருவர் செய்வது அடக்குவது. அதற்குப் பிறகு வருகிறவள் 'அடக்கப்பட்டவள்', 'அடக்கமானவள்' அல்ல. தையில் நடக்கும் ஜல்லிக்கட்டை நினைத்துப் பாருங்கள். வீரர் காளையை அடக்கினார் என்கிறோம். காளை அடங்கியது என்றும் சொல்கிறோம். ஆனால் பரிசு வாங்கிக்கொண்டு போகும்போது, 'இது மிகவும் அடக்கமான காளை' என்று யாராவது சொல்வதுண்டா? சிரித்துவிடுவார்கள். திமிலைப் பிடித்து அடக்கியதால் ஒரு மாட்டுக்குக்கூட அடக்கம் என்ற குணம் வந்துவிடுவதில்லை என்பது நம் ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும். பெண் விஷயத்தில் மட்டும் எப்படியோ இது மறந்து போகிறது.

இன்னும் ஒன்று. யார் கைக்கும் பிடிபடாத காளைக்கும் பரிசு உண்டு. 'அடங்காத காளை' என்று ஊரே கொண்டாடும். 'அடங்காத பெண்' என்றாலோ அது வசவு. 'அடங்காப்பிடாரி' என்ற வசவுக்கு ஆண்பாலே கிடையாது. முப்பது வருஷம் ஆண்பால், பெண்பால் சொல்லிக் கொடுத்த எனக்கு இந்த இடம் எப்படித் தட்டுப்படாமல் போயிற்றோ!

'நாவடக்கம், புலனடக்கம் என்கிறோமே, அங்கே அடக்குவதுதானே வருகிறது?' என்று கேட்கலாம். வாஸ்தவம். ஆனால் அங்கே அடக்குகிறவரும் அவரேதான், அடங்குவதும் அவருடைய நாக்கேதான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து நம் வாயைப் பொத்தினால் அதற்குப் பெயர் நாவடக்கம் இல்லை.

இப்போது வாக்கியத்துக்கு வருவோம். ஒரு சொல் தன்னோடு எந்த வேற்றுமை உருபைச் சேர்த்துக்கொள்கிறது என்று பார்த்தால், அதன் மனசு தெரிந்துவிடும். 'அடங்கி நடக்கும் மருமகள்' என்று சொல்லிப் பாருங்கள். உடனே, 'யாருக்கு?' என்ற கேள்வி எழுகிறது. மாமியாருக்கு, புருஷனுக்கு என்று ஒரு 'கு' வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'பணிவான மருமகள்' என்றால், 'யாரிடம்?' என்ற கேள்வி, பெரியவர்களிடம். ஆனால் 'அடக்கமான' என்பதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டியதில்லை. கேட்பதானால், 'எதில்?' என்றுதான் கேட்கலாம். பேச்சில் அடக்கம், நடையில் அடக்கம், செலவில் அடக்கம். காலியான வீட்டில் தனியாக இருக்கும்போதும் ஒருவர் அடக்கமானவராக இருக்கலாம். தனியாக இருந்துகொண்டு பணிவாக இருக்க முடியாது. யாரைப் பார்த்துப் பணிவது?

'மாமியாருக்கு அடக்கமான மருமகள்' என்று எழுதினால் என்ன ஆகும்? 'கைக்கு அடக்கமான டப்பா' என்பதைப் போல ஆகிவிடும். 'அடக்கமான' என்ற சொல்லுக்கு முன்னால் 'கு' வருவது பண்டங்களின் அளவைச் சொல்லும்போதுதான். பைக்கு அடக்கமான குடை, பரணுக்கு அடக்கமான பெட்டி. பெண்ணையும் இந்த வரிசையில் நிறுத்துவதென்றால் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள்.

கல்யாணப் பேச்சில் அடிபடும் 'அடக்க ஒடுக்கம்' என்ற ஜோடியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெண் பார்க்க வருகிற அன்று, "அடக்க ஒடுக்கமா வந்து நமஸ்காரம் பண்ணு" என்று எத்தனை வீடுகளில் சொல்கிறோம்! அடக்கம் சரி. அதோடு ஒடுக்கம் எதற்கு? குடம் கீழே விழுந்தால் ஒடுக்கு விழும். நாம் அதை நல்ல குடம் என்று சொல்வதில்லை.

குடத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. 'நிறைகுடம் தளும்பாது' என்ற பழமொழியை அடக்கத்துக்கு உதாரணமாகச் சொல்லாதவர் இல்லை. நானும் வகுப்பில் ஆயிரம் தடவை சொன்னவள்தான். ஆனால் கார்ப்பரேஷன் லாரித் தண்ணீரை மாடிக்குச் சுமந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அரைக்குடம் தளும்பும், நிறைகுடம் தளும்பாது, காலிக் குடமும் தளும்பாது! வாயில் துணி கட்டிய குடத்திலிருந்தும் ஒரு சொட்டு சிந்தாது. ஆகையால், தளும்பவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, 'ஆகா, நிறைகுடம்' என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. உள்ளே என்ன இருக்கிறது, மேலே யார் துணி கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். ஒரு பெண் பேசாமல் இருந்தால், அவள் அடக்கமானவளாக இருக்கலாம். கூச்சம் உள்ளவளாக இருக்கலாம். அன்றைக்கு அவளுக்குத் தலைவலியாக இருக்கலாம். பயந்தவளாகவும் இருக்கலாம். நாலுக்கும் நாலு சொல் தமிழில் இருக்கிறது. நாம்தான் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிறோம்.

அப்படி ஒட்டிவிட்டால் என்ன குடி முழுகிப் போயிற்று என்று கேட்கிறவர்களுக்காக, என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அம்மாவை அறிந்தவர்கள் எல்லோரும் அவளை 'அடக்கமான மனுஷி' என்பார்கள். பாட்டி அடிக்கடி சொல்வாள். அப்பா அதைப் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். அம்மா எதையும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு ஐம்பது வயசு நடக்கும்போது ஒரு நாள் முற்றத்தில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான், எட்டு மாதமாக அவளுக்கு வயிற்றில் வலி இருந்தது தெரிய வந்தது. "ஏம்மா, முன்னாலேயே வரக்கூடாதா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை; அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னிடம் மெதுவாக, "வீட்டிலே எல்லாருக்கும் சிரமமாச்சேன்னு சொல்லலை" என்றாள். ஆறு மாதம்தான் இருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல், 'எவ்வளவு அடக்கமான மனுஷி' என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

அந்த வாக்கியத்தை இன்று யாராவது என் முன்னால் வைத்தால், 'அடக்கமான' என்பதை அடித்துவிட்டு, 'சொல்லத் துணியாத' என்று திருத்துவேன். அம்மாவிடம் அடக்கம் இல்லை என்பதல்ல. இருந்தது, நாலு பேருக்குத் தெரியாமல் அவள் செய்த உதவிகளில் இருந்தது. வயிற்று வலியை மறைத்ததில் இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் நாங்கள் புகழ்ந்துகொண்டே இருந்ததால், அவளும் இரண்டும் ஒன்று என்றே நம்பிவிட்டாள்.

போகட்டும். சரியான பிரயோகம் எது என்றுதானே கேட்கிறீர்கள்? உலகம் அறிந்த மனிதர்களை வைத்தே சொல்கிறேன்.

'எம். எஸ். சுப்புலட்சுமி அடக்கமானவர்.' இந்த வாக்கியத்துக்கு நூற்றுக்கு நூறு கொடுக்கலாம். 1966-ல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியவர். 1974-ல் மகசேசே விருது, 1998-ல் பாரத ரத்னா பெற்றவர். எத்தனையோ கச்சேரிகளின் வருமானத்தைத் தர்ம காரியங்களுக்குக் கொடுத்தவர். அவ்வளவு பெரிய சங்கீதம் உள்ளே இருந்தது. அதைத் தம் பெருமையாக அவர் பேசிக்கொள்ளவில்லை. உள்ளே இருப்பது பெரிதாக இருந்து, வெளியே காட்டும் ஆர்ப்பாட்டம் சிறிதாக இருந்தால், அங்கேதான் இந்தச் சொல் ஜம்மென்று பொருந்துகிறது.

'காமராஜர் அடக்கமானவர்' என்று எழுதினால் பிழை இல்லை. ஆனால், அதைவிட 'எளிமையானவர்' என்ற சொல்தான் அவருக்கென்றே தைத்த கதர்ச் சட்டை. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தும், சென்னையில் வாடகை வீட்டில் வாழ்ந்தவர். எளிமை என்பது உடையிலும் வீட்டிலும் சாப்பாட்டிலும் கண்ணுக்குத் தெரிவது. அடக்கம் உள்ளே இருப்பது. நூல் புடவை கட்டிக்கொண்டு நாள் முழுதும் தற்பெருமை பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் எளிமையானவர்கள், அடக்கமானவர்கள் அல்ல. பட்டுப் புடவையும் வைரத் தோடுமாக வந்து, அடக்கமாகப் பேசிவிட்டுப் போகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விஷயத்துக்கு வாருங்கள். 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றவர். 1927-ல் சென்னை மாகாண சட்ட கவுன்சிலின் துணைத் தலைவரானவர். தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்று அந்தச் சபையில், எதிர்த்தவர்களுக்கு நடுவே எழுந்து நின்று வாதாடியவர். அந்த முறையை ஒழிக்கும் சட்டம் கடைசியில் 1947-ல் நிறைவேறிற்று. 'முத்துலட்சுமி ரெட்டி அமைதியான பெண்' என்று எழுதினால் அது சுத்தப் பிழை. 'அடங்கி நடந்தவர்' என்றால் அதைவிடப் பிழை. ஆனால், காந்திஜியைச் சிறையில் அடைத்தார்கள் என்று 1930-ல் அந்தப் பதவியையே வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தாரே, அந்த இடத்தில் 'அடக்கம்' என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். பொருந்துகிறதா, இல்லையா? பதவி தன்னைவிடப் பெரிது என்று நினைக்கிறவரால் அப்படி எழுந்து வர முடியாது. தானே எல்லாவற்றையும்விடப் பெரிது என்று நினைக்கிறவராலும் முடியாது. ஆக, உரத்துப் பேசுவதும் அடக்கமும் ஒரே பெண்ணிடம் குடியிருக்க முடியும்.

திருக்குறளில் 13-வது அதிகாரம் அடக்கமுடைமை. அந்த வாரம் பத்துக் குறளையும் மறுபடி படித்தேன். அறிய வேண்டியதை அறிந்து அடங்குவது பற்றி வருகிறது. கற்றவனின் அடக்கம் வருகிறது. செல்வர்களுக்கு அடக்கம் இன்னொரு செல்வம் என்று வருகிறது. ஆமை வருகிறது, மலை வருகிறது. பெண் வரவில்லை! இது பெண்ணுக்கு உரிய குணம் என்று பத்தில் ஒன்றிலாவது வள்ளுவர் சொல்லவில்லை. படிப்பு, பணம், கோபம், நாக்கு, இவை யாரிடம் இருக்கின்றனவோ அவர்களுக்கெல்லாம் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார். ஆமைகூடத் தன் கால்களைத் தானேதான் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

இன்னும் இரண்டு சின்ன எச்சரிக்கைகள். ஒன்று, இந்தச் சொல்லை நம்மைப் பற்றி நாமே பிரயோகிக்கக் கூடாது. 'நான் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று கடிதத்தில் எழுதலாம். 'நான் மிகவும் அடக்கமானவள்' என்று எழுதினால், வாக்கியம் முடிவதற்குள் அடக்கம் போய்விடும். இரண்டாவது, 'அடக்கமானவர்' என்று எழுதும்போது 'வ'வை விட்டுவிடாதீர்கள். ஒரு பெரியவரின் பாராட்டு விழா மலருக்காக என்னிடம் வந்த கட்டுரையில், 'தலைவர் இவ்வூரிலேயே அடக்கமானார்' என்று இருந்தது. அடக்கமானார் என்றால் புதைக்கப்பட்டார் என்றல்லவா அர்த்தம்! நல்லவேளை, அச்சுக்குப் போகுமுன் பிடித்தேன். பெரியவர் முதல் வரிசையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி அண்ணா வீடு. அதே கூடம், அதே படிவம். பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பென்சிலால் எழுதினேன். 'பெரியவர்களிடம் பணிவானவள். பேச்சில் அடக்கமானவள். தன் கருத்தை மறைக்காமல் சொல்கிறவள்.'

பெண் படித்துப் பார்த்தாள். "'பேச்சில்'னு போட்டிருக்கீங்க. அப்ப சரி, அத்தை" என்றாள்.

அண்ணி மூன்றாவது வாக்கியத்தின்மேல் விரலை வைத்தாள். "இதைப் பார்த்துட்டு யாரும் வராமப் போயிட்டா?"

"வந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு முகம் சுளிப்பதைவிட, வராமல் இருப்பது மேல் இல்லையா அண்ணி?" என்றேன். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அழிக்கும் ரப்பரைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, மேஜைமேல் வைத்தாள்.

அதுவரை பத்திரிகைக்குப் பின்னால் மறைந்திருந்த அண்ணா, எழுந்து போய் மேஜை அறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். அந்த நிலையத்தார் அனுப்பியிருந்த ஒரு பையனின் படிவம். உத்தியோகம், சம்பளம், சொந்த வீடு, கார் எல்லாம் பக்கம் நிறைய எழுதியிருந்தது. 'குணநலன்' கட்டம் அதிலும் இருந்தது. அதில் ஒரு சிறு கோடு மட்டும் போட்டிருந்தார்கள்.

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கோட்டை வெகு நேரம் பார்த்தாள்.

"இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டு அவங்களுக்கு ஒரு கடுதாசி எழுதிடும்மா."

"பணிவாக எழுதட்டுமா, அடக்கமாக எழுதட்டுமா, அண்ணி?"

"புரியும்படியா எழுது" என்றாள் அண்ணி.